பாதாம் தின்னலாம்

நன்றாக இருக்கிற கையில் குத்திக் குத்தி எங்கே தடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அலர்ஜி கிளினிக் உத்தியோகம். தும்மலோடும் தடிப்போடும் காலம் தள்ளுகிற சக பாவிகளே, வங்காளத்து ஜாதவ்பூரில் எங்கள் கிளினிக்கில் நடந்ததைக் கேளுங்கள்.

சட்னி

சாந்த்ராகாச்சியிலிருந்து வசந்தா, ஐந்து வயது மகள் மிட்டூவோடு வந்தாள். புருஷன் முருகேசனுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுப் பக்கத்து டாக்டர் வங்காளத்தில், "பாதாம் கூடாது" என்றாராம். பாதாமை அடியோடு நிறுத்தியும் குழந்தைக்குத் தடிப்பு, இளைப்பு. நான் குத்திப் பார்த்தேன், வேர்க்கடலைக்குத்தான் வீங்கியது. அட தெய்வமே! இந்த ஊரில் பாதாம் என்றாலே வேர்க்கடலைதானே! சொன்னதும் வசந்தா வெளுத்துப்போனாள்.

"ஐயோ அக்கா, தினம் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னிதானே அரைச்சுக் குடுத்தேன்!"

மூக்கு

அடுத்த முறை முருகேசனும் வந்தார். "இதுக்கு ஒரு ஊசி கிடையாதா?" என்று கேட்டார். டி.என்.ஏ. தடுப்பூசி என்று ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறது என்றார் எங்கள் டாக்டர். ஒவ்வாத பொருளின் டி.என்.ஏ.வில் ஒரு துணுக்கை உடம்புக்குள் செலுத்தினால், 'இது எதிரி இல்லை' என்று உடம்பு பழகிக்கொள்ளலாம்; எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களிடம் இன்னும் சோதனைதான். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டி.என்.ஏ. எதுக்கும்மா? எம்புள்ளதான் இது, மூக்கைப் பார்த்தாலே தெரியலையா?"

வசந்தா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

கேட்டுத்தான்

வீட்டில் மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள் வசந்தா: "பாதாம் தின்னலாம், வேர்க்கடலைதான் கூடாது." மிட்டூவோ தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுகிறவள். சரஸ்வதி பூஜையன்று காக்கிமா என்று மிட்டூ கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி, வேர்க்கடலை போட்டு வறுத்த அவலை நீட்டி, "பாதாம் தின்பாயா?" என்று கேட்கத்தான் செய்தாள். "அம்மா தின்னலாம்னு சொல்லியிருக்கா" என்று வங்காளத்தில் சொல்லி வாங்கிக்கொண்டதாம் குழந்தை. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. காக்கிமா இன்னமும் ஒன்றையேதான் சொல்லி அழுகிறாளாம்.

"நான் கேட்டுத்தானே கொடுத்தேன்!"

பேர்

சில வாரம் கழித்து வசந்தா தனியாக வந்தாள். "அக்கா, அந்த டி.என்.ஏ. ஊசி வந்துருச்சா?" என்றாள். இன்னும் இல்லையம்மா என்றேன்.

"வந்திருந்தா எம்புள்ளைக்கு எந்தப் பேரும் தெரிஞ்சிருக்க வேண்டாம்ல?"

எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

அந்த ஊசி வரும்வரை, ஒரு வேர்க்கடலையை விரலில் பிடித்துக் காட்டி "இது, இதேதான்" என்று சொல்வதுதான் எங்கள் கிளினிக்கில் இருக்கிற ஒரே தடுப்பூசி.