சுழி மட்டும் போட்ட பக்கங்கள்

மகள் பிளஸ் ஒன் படித்த வருஷம், மடக்கினால் டேப், விரித்தால் லேப்டாப் என்று ஆகிற ஒரு சாமானை வாங்கிக் கொடுத்துவிட்டால் மார்க் தானாக ஏறிவிடும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பத்தாவதில் பள்ளியிலேயே முதலாக வந்த பிள்ளை, காலாண்டில் இரண்டு பாடத்தில் தோற்றுப்போய்விட்டாள். நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் எதிரில் இருப்பவர் பேச இடம் கிடைக்காது. அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒத்தக்கடையில் பஸ் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போனேன்.

பழைய லேப்டாப்புகளைச் சரிபார்த்து விற்கிற ஒரு மாடிக் கடை. கடைக்கார பாய் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று நல்ல கனம், மடியில் வைத்ததும் தொடை சுட்டது. இன்னொன்றில் கீல் ஆடியது. மூன்றாவது புதுசு மாதிரியே இருந்தது. திரையைப் பின்னால் மடக்கி டேப் ஆக்கியதும் அடியில் போன விசைகள் எதை அழுத்தினாலும் சும்மா கிடந்தன. "பேனாவுல எழுதிப் பாரும்மா" என்று மகளிடம் நீட்டினார்.

அவள் திரையில் பேனாவால் எழுதுகிற நோட்டைத் திறந்தாள். யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஓரத்தில் தேதி, மேலே நடுவில் ஒரு பிள்ளையார் சுழி. கீழே ஒன்றும் இல்லை. மளிகைச் சீட்டைக்கூடச் சுழி போடாமல் எழுதாத வீடு எங்களுடையது, அதனால் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்திலும் தேதி, சுழி, அவ்வளவுதான். அதற்கடுத்ததிலும் அதே. ஒரே தேதியில் நாலு பக்கம், ஐந்து பக்கம். மகள் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. போகப் போகச் சுழி சிறுத்து, பேனா வைத்து எடுத்த புள்ளி அளவுக்கு வந்துவிட்டது. பட்டப்பகலில், மத்தியான வெயிலில், எனக்கு முதுகு சில்லிட்டது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார் பாய்.

"யாரோடது பாய் இது?"

"படிக்கிற பொம்பளப் புள்ளையோடதும்மா. அவுக அப்பா கொண்டாந்து குடுத்தாரு. புள்ளைக்கு இனிமே தேவைப்படாதுன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு."

எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற ஆள் நான். அன்றைக்கு ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது மகளின் முகம். அதில் துளி ஆச்சரியம் இல்லை. தெரிந்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். ஒரு தேதியில் நின்று, மெதுவாகப் பக்கங்களை எண்ணினாள்.

"அன்னைக்கு ஏழு தடவ வந்திருக்காங்க" என்றாள், தனக்குத்தானே.

"யாரு வந்தாங்க?"

அவள் அடுத்த தேதிக்குத் தள்ளினாள். பாய் அதை வாங்கி மூடி வைத்தார். இன்னொரு நாள் வாரேன் என்று சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மறுபடி கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவ அப்பாவோ அம்மாவோ. புக்கைத் தொறந்தா எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும்மா, மண்டையில ஒண்ணும் ஏறாது. யாராச்சும் கதவுகிட்ட வந்து நின்னா, புதுப் பக்கம் திருப்பிச் சுழி போடணும். எழுத ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீயும் போயிருவல்ல."

எம்புட்டு நாளாக என்றேன். ஸ்கூல் திறந்ததிலிருந்து என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டுமே நான் எத்தனை முறை அந்தக் கதவுக்குப் போகிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழுக்கு மேல் வந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்த தலையைப் பார்த்து நிறைவாகத் திரும்பியிருக்கிறேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதும்மா" என்றாள். இறங்கும்வரை நான் விடவில்லை.