வலது ஓரத்துச் சுக்கான்

ரிமோட்டில் ஓடும் எங்கள் பந்தயப் படகுக்குச் சுக்கானைப் பொருத்தியவன் நான்தான். பந்தயத்தில் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம் என்பதால், கத்தி போன்ற அந்த அலுமினியத் தகட்டை நடுவில் வைக்காமல் வலது ஓரமாக வைப்போம். வேகத்தில் வலப்பக்கம் அழகாகத் திரும்பும். இடப்பக்கம் ஒடித்தால் கவிழ்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூர் ஏரியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரிமோட் நண்பன் ஸ்டீபன் கையில். கழுத்தளவுத் தண்ணீரில் ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்த கூலியாள் ஒருவர், அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து, வலப்பக்கமாகப் படகின் பாதையில் வந்துவிட்டார்.

"லெஃப்ட்ல ஒடிக்கட்டாடா?" என்று அலறினான் ஸ்டீபன்.

"வேணாம்டா, போட் கவுந்துடும்! நேரா விடு, அவரே நகந்துடுவாரு!" என்று கத்தினேன்.

அவருக்கு நகர நேரமில்லை. படகு அவரை உரசிக்கொண்டு போனது. வலது ஓரத்துச் சுக்கான் அவர் முன்கையை எலும்பு தெரியக் கிழித்தது.

என் சட்டையால் கையைக் கட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், போட்டுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா எம்மேல பழி போட்றாதீங்க."

"ஒண்ணும் ஆவலண்ணா" என்றேன்.

பொய்யில்லை. ஸ்டீபன் அவரைக் கரையேற்றிக்கொண்டிருந்தபோதே நான் படகைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டிருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை.