பின்பாட்டுக்கு மூன்று அக்காக்கள்

1. திருவாரூர்ப் பக்கம் எங்கள் வயலின் குறுக்கே எண்ணெய்க் குழாய் பதிக்க அளந்து கல் நட்டார்கள்.
2. அதை எதிர்த்து, 'எங்க மண்ணு' என்று தொடங்கும் பாட்டு ஒன்றை எழுதி மெட்டமைத்தேன்.
3. ஊரில் போராட்டப் பந்தல் போட்டார்கள். முதல் முறையாக என்னை மேடையேறிப் பாடச் சொன்னார்கள்.
4. பின்பாட்டுப் பாட, எங்கள் வயலில் நடவு நடும் மூன்று அக்காக்களைக் கேட்டேன். வரமாட்டோம் என்றார்கள்.

சிவில் டிப்ளமோ படித்த எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். மெட்டு கஷ்டமா, நேரம் ஒத்துவரவில்லையா என்று வரிசையாகக் கேட்டேன். மூத்தவர் நாற்றுக்கட்டைக் கீழே வைத்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு பாப்பா. 'எங்க மண்ணு'ன்னு நாங்க பாடுனா, பட்டாவைக் காட்டுன்னு உங்கப்பாவே கேப்பாரே!"

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குழாய் வந்தா உங்களுக்கு நட்டஈடு வரும். எங்களுக்கு வேலை போயிடும். அதை எங்க எழுதியிருக்கே?"

எழுதவில்லை. அவர்கள் குரல் இல்லாமல் அதைப் பாடவும் எனக்கு மனம் வரவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து நால்வருமாக முதல் அடியை மாற்றினோம்: 'பட்டா உங்க பேருல, நட்டது எங்க கையால.'

வீட்டில் அப்பாவிடம் பாடிக் காட்டினேன்.

"என்னை ஏம்மா சந்திக்கு இழுக்குற?"

"யார் பேரும் சொல்லலையேப்பா."

"'உங்க'ன்னா நான்தானே?"

ஆமாம் என்றேன். மறுநாள் பந்தலில் அந்த அடியோடுதான் பாடினோம்.

இப்போதைய நிலை இது: குழாய்கள் வாய்க்கால் கரையில் கிடக்கின்றன, இன்னும் பதிக்கவில்லை. தஞ்சாவூர், பட்டுக்கோட்டை என்று கூப்பிட்ட மேடைகளில் நாங்கள் நால்வரும் பாடுகிறோம். அப்பா இன்னும் கேட்க வரவில்லை.