வெயிலில் நின்றுபோன கிரைண்டர்

அன்று மத்தியானம் வங்காளத்துக் கிடர்பூர் வீட்டில் அம்மா, மாமா, நான் மூவரும் இருந்தோம். அப்பா இட்லிக் கடையில் இருந்தார். தெருவில் கரண்ட் இல்லை.

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. என் பேச்சை நம்பி அங்கே சோலார் போட்டிருந்தோம். ஆனாலும் கிரைண்டர் சுற்றவில்லை. சாயங்காலக் கடைக்கான அரிசி பாதி அரைபட்டுக் கிடந்தது.

"வீட்ல மொதல்ல படிச்சவன்னு இவன நம்பினீங்க. சோலாரக் கழட்டி வித்துடுங்கக்கா" என்றார் மாமா.

வெளியே ஓடினேன். கம்பத்தில் கையுறை இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த லைன்மேனுக்கு என் வயதுதான் இருக்கும். வெயில் இருந்தும் சோலார் ஓடவில்லை என்ற என் புகாரைக் கேட்டுச் சிரித்தான்.

"உன் இன்வெர்ட்டர் ஓடியிருந்தா, அந்தக் கரண்ட் லைன்ல ஏறி என்னைக் கொன்னிருக்கும் தாதா" என்றான், வங்காள மொழியில் அண்ணன் என்று என்னை அழைத்து.

எனக்கு உறைத்தது. பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றுவது இன்வெர்ட்டர். நான் வாங்கியது விலை குறைந்த ஆன்-கிரிட் வகை. லைன் போனால் தானும் நின்றுவிடும். பேட்டரியோடு ஹைபிரிட் வகை வாங்கியிருந்தால், லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டு ஓடியிருக்கும். கையேட்டில் இருந்ததுதான். நான் விலைப் பக்கத்தோடு மூடிவிட்டேன்.

"தப்பு என்னுதுதான் மாமா. ஆனா படிச்சதால வரல, பாதியில நிறுத்தினதால வந்துது. கழட்ட மாட்டேன்."

அம்மா அரிசியை வழித்தபடி, "இந்தத் தடவ கடைசிப் பக்கம் வரைக்கும் படி" என்றாள்.

அன்று சாயங்காலம் கடை திறக்கவில்லை. படித்தேன், என் சம்பளத்தில் பேட்டரியோடு ஹைபிரிட்டுக்கு மாற்றினேன். இப்போது கரண்ட் போனாலும் கிரைண்டர் சுற்றுகிறது. நான் மட்டும் லைன்மேன் ஏறியிருக்கிறானா என்று ஜன்னல் வழியே அந்தக் கம்பத்தைப் பார்க்கிறேன்.

புரட்டாமல் விட்ட பக்கங்களுக்கு நான் கொடுத்த விலை தொண்ணூற்று இரண்டாயிரம் ரூபாய்.