எக்கோ வேணாம்னு சொன்ன முத்துமீனா

மதுரைக்காரனுக்கு மைக்குன்னா எக்கோ. அம்புட்டுதான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்துல மைக், ஆம்பிளிஃபயர் விக்கிற கடை என்னோடது. வாரவன் எல்லாம் மைக்கை வாங்கி ரெண்டு ஊது ஊதுவான். "ஹலோ ஹலோ"ம்பான். ஒடனே மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, "என்ன துளசிராம்ணே, எக்கோவே இல்ல?"ன்னு கேப்பான். காதுகுத்துக்கும் எக்கோ, கருமாதிக்கும் எக்கோ. நானும் குமிழைத் திருகிவிட்டு வித்துருவேன். கேட்டதைக் குடுக்கிறவன்தானே யாவாரி?

2006, ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்துமீனா கடைக்கு வந்துச்சு. இருபத்தாறு வயசு இருக்கும். வந்ததும் துணிப்பையில இருந்து ஒரு கம்ப்யூட்டர் கீபோர்டை எடுத்து என் மேசையில வச்சுது.

"அண்ணே, எக்கோ இல்லாத மைக்கு வேணும். ஃபேனை ஃபுல்லா வைங்க. கதவையும் தொறந்து விடுங்க. நான் இதைத் தட்டிக்கிட்டே பேசுவேன். என் பேச்சு மட்டும் பதியணும்."

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "ஏம்மா, நீ மைக் வாங்க வந்தியா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தியா?"

"ரெண்டும்தாண்ணே."

ஆத்தாடி, என்ன வாயிங்கிறீங்க! உக்காருன்னு சொல்லி வெவரம் கேட்டேன். ஊரு திருவாதவூர். அப்பா சின்னக்கருப்பனும் அம்மா இருளாயியும் அடுத்தவன் வயல்ல வேலை பாத்துப் படிக்க வச்சவங்க. நாகமலை புதுக்கோட்டையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல அஞ்சு வருசமா போட்டோஷாப் சொல்லிக் குடுக்குது. தெருத்தெருவா ஃபிளெக்ஸ் கடை முளைச்ச நேரம் அது. டிசைன் படிக்கணும்னு ஆசை இருந்தும் வகுப்புக்கு வர முடியாதவங்களுக்கு, பாடத்தைச் சிடியில போட்டுக் குடுக்கலாம்னு யோசனை சொன்னதே இந்தப் புள்ளதான். ஸ்கிரீன்ல மவுஸ் நகர்றது அப்படியே வீடியோவாப் பதியும், கூடவே இது பேசும். பன்னெண்டு பாடம் எழுதி முடிச்சிருச்சு.

சென்டர் ஓனரு வெங்கடேஷ்பாபு பெரிய விலையில ஒரு ஸ்டுடியோ மைக் வாங்கியாந்திருக்காரு. ஊசி விழுந்தாலும் எடுக்குற ரகம். அதைச் சாதாரண ரூம்ல வச்சா வெளங்குமா? போட்டுக் கேட்டா ஃபேன் பேசுது, பஸ் ஹாரன் பேசுது, பக்கத்து மாவு மில்லு பேசுது, நடுவுல இந்தப் புள்ளையும் பேசுது.

"உன் குரல்தான் கொரகொரன்னு இருக்கு. பாடம் உன்னோடதே இருக்கட்டும், வேற ஆளை வச்சுப் பேசிக்கலாம்"னுட்டாராம். சிடியில பேசுறவங்க பேருதான் போடுவாங்களாம். கெஞ்சாத குறையாக் கேட்டதுல, சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை பேசிக் காட்டச் சொல்லிருக்காரு.

"அஞ்சு வருசமா இந்த வாயாலதானேண்ணே பாடம் நடத்துறேன்? அப்ப இல்லாத கொரகொரப்பு இப்ப எங்கிட்டு இருந்து வந்துச்சு? மைக்கோட குத்தத்தை என் தொண்டையில கட்டுறாரு. விடமாட்டேன்."

சரின்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். சட்டையில குத்துற சின்ன மைக்கு, துப்பட்டா உரசுனதும் சரசரன்னுச்சு. காதுல மாட்டுற ஹெட்செட்டுல பேச்சைவிட மூச்சுதான் பெருசா விழுந்துச்சு. ஆறு மைக்கு ஆகியும் "இது இல்லண்ணே"ன்னே சொல்லுது. கடைசியில மேடையில பேசுறவங்க பிடிக்கிற குண்டு மைக்கை எடுத்தேன். அது கிட்டத்துல பேசுற வாயை மட்டும்தான் கேக்கும். ஒரு முழம் தள்ளிப்போனா உங்களை யாருன்னே தெரியாது அதுக்கு.

"திருவிழா மைக்கும்மா இது. கம்ப்யூட்டர் பாடத்துக்குப் போயி இதையா..."

"குடுங்கண்ணே."

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, காத்து அடிக்காம லேசா ஓரமாப் பிடிச்சுப் பேசுச்சு. டேப்புல பதிஞ்சதைப் போட்டுக் கேட்டோம். ஃபேன் காணோம், ரோடு காணோம். கீபோர்டு மட்டும் எங்கேயோ தூரத்துல. அந்தப் புள்ள குரலு தெளிவா, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குற மாதிரி இருந்துச்சு. கொரகொரப்பாவது வெங்காயமாவது!

அதைக் கம்ப்யூட்டர்ல மாட்ட, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்ன மிக்ஸர் வேணும். மறுநாள் கடையைப் பூட்டிட்டு நானே தூக்கிக்கிட்டுப் போனேன். எனக்கும் வீராப்பு வந்துருச்சு.

ஓனர் முன்னாடியே முதல் பாடத்தைப் பேசுச்சு. "லேயர்னா பயப்படாதீங்க. கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறோம்ல, அம்புட்டுதான்." அவரு பாதிவரைக்கும் ஹெட்போன்ல கேட்டாரு. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி ஜன்னல் பக்கம் நின்னாரு.

"சவுண்டு பிரமாதம். இந்த மைக்கே இருக்கட்டும். கேபிள் டிவியில பேசுற காவ்யஸ்ரீயை வரச் சொல்லிருக்கேன், அவங்க பேசுவாங்க."

"அப்ப கொறை எதுல சார்?"

"அம்புட்டு இம்புட்டுன்னு பேசினா, நீ எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கிறவன் கண்டுபிடிச்சிருவான்மா. எவன் வாங்குவான்?"

எங்க வீட்ல பேசுறது சௌராஷ்ட்ரா. என் தமிழைக் கேட்டுச் சிரிச்சவங்க எம்புட்டோ பேரு, நானும் அவங்களோட சேந்து சிரிச்சுட்டுப் போயிருக்கேன். இந்தப் புள்ள சிரிக்கல. மைக்கு முன்னாடி உக்காந்த எடத்துலயே உக்காந்து, அவர் கேட்டதுக்கெல்லாம் நிதானமாப் பதில் சொல்லுச்சு. அப்பத்தான் அவர் ஸ்கிரீன்ல செவப்புப் புள்ளி ஓடுறதைப் பாத்தாரு.

"ஐயோ, நான் பேசுனது பதியுதா? அழி, மொதல்ல அழி!"

முத்துமீனா பதிவை நிறுத்திட்டு, ஸ்பீக்கர்ல போட்டுச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஆமா சார், திருவாதவூர்தான்." திரும்பச் சத்தமில்ல. "காலனித் தெருதான் சார்." மறுபடியும். "மாத்திக்க மாட்டேன் சார்." அடுத்தது ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. "முடியாது சார்."

"உங்க சத்தமே இதுல இல்லையே சார். எதை அழிக்கச் சொல்றீங்க?"

அந்தப் புள்ள வேலையை விடுறேன்னு சொல்லிட்டு, ஒயரைச் சுருட்டிக் கீபோர்டோட பையில போட்டுக்கிட்டு நடையக் கட்டிருச்சு. பஸ்ல வாரப்ப ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதுச்சு.

எழுதுன பன்னெண்டு பாடமும் அங்க கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிச்சு. மனசுல இருந்ததை வச்சே புதுசா எழுதி, என் கடைக் குடோன்ல, காலையில கடை தொறக்கிறதுக்கு முன்னாடி மூணு வாரம் பேசுச்சு. ஓனரும் காவ்யஸ்ரீயை வச்சுச் சிடி போட்டாரு. பொய் சொல்லக்கூடாது, அந்தப் பொண்ணும் நல்லாத்தான் பேசுச்சு.

நம்ம சிடி வந்த அன்னைக்கு, சென்டருக்கு எதுத்தாப்புல ஒரு காலி இடத்துக்காரர்ட்ட கேட்டு போர்டு வைக்க எடம் பிடிச்சோம். டிசைன் முத்துமீனாவே பண்ணுச்சு. பிரிண்ட் போடுற மருது கேட்டான், "அக்கா, பேரு எம்புட்டுப் பெருசா வரணும்?"

"அவரு மாடி ஜன்னல்ல நின்னு கண்ணாடி போடாம வாசிக்கணும்."

"ஊரு?"

"அதே அளவு."

"தெருப்பேரு வேற போட்டிருக்கியளே, அது?"

"எல்லாத்தையும்விடப் பெருசா."