பாஞ்சாலி கேட்ட நீளப் பிரசங்கம்

பாஞ்சாலி ராகு காலத்தில் மாட்டைக்கூட அவிழ்த்து ஓட்டமாட்டாள். ஒரகடத்தில் அரை காணி நெல்லும் இரண்டு எருமையும் வைத்துக்கொண்டு, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகன் ரகுபதியை ஐடிஐ வரை படிக்க வைத்தவள். அவன் தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். 1991 தை மாதம், வல்லத்து ஞானம்மாவின் மகள் அமலாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்றான்.

வேதக்காரப் பெண் என்பதைப் பாஞ்சாலி சீக்கிரமே ஜீரணித்துக்கொண்டாள். மோதிரத்தோடு தாலியும் உண்டு என்று தெரிந்ததும் பாதி சமாதானம். பெண் வெள்ளைப் புடவை கட்டுவாள் என்றபோது மட்டும் எழுந்து போய் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "சரிகையாவது இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றார்கள்.

நேரம்தான் இடித்தது. ரகுபதிக்கு ஞாயிறு மட்டுமே லீவு. பாஸ்டர் ஜீவானந்தத்துக்கு மூன்று ஊர் சபை. ஞாயிறு மாலை நாலரைக்குத்தான் வல்லத்துக்கு வர முடியும். நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்.

"எல்லா நேரமும் ஆண்டவர் குடுத்ததுதான், சம்பந்தியம்மா" என்றாள் ஞானம்மா.

"குடுத்தவரு அந்த ஒன்றரை மணி நேரத்த மட்டும் வேற யாருக்கோ குடுத்துட்டாரே."

மறுநாளே பாஞ்சாலி பாஸ்டரைத் தேடிப் போனாள்.

"ஐயா, நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டீங்கன்னு சொல்லிக்கிறாங்களே, மெய்யாலுமா?"

பாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "குறைச்சுக்கறேம்மா."

"ஐயோ, குறைக்காதீங்க. ஆறு மணி தாண்ற வரிக்கும் பேசுங்க. அப்பால தாலி எடுத்துக் குடுங்க."

அவருடைய ஊழியத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று அவர் ஆதாமில் ஆரம்பித்தார். ஐந்து மணி வாக்கில் ஆபிரகாமிடம் வந்தார். ஞானம்மாவின் அண்ணன் பலமாக இருமினார். ரகுபதியின் சூப்பர்வைசர் தூங்கிப்போனார். அமலா நின்றபடியே கால் மாற்றிக்கொண்டாள். பாஞ்சாலி மட்டும் முன்வரிசையில் கண் கொட்டாமல் கேட்டாள். ஈசாக்குக்குப் பெண் தேடி வந்தவனின் ஒட்டகங்களுக்கு ரெபெக்காள் கிணற்றில் தண்ணீர் மொண்டு ஊற்றத் தொடங்கியபோது, ஒட்டகம் எவ்வளவு குடிக்குமோ என்று அவளுக்கே கவலை வந்துவிட்டது.

ஆறு தாண்டியதை அவள் கவனிக்கவில்லை. பாஸ்டர்தான் கடிகாரத்தைப் பார்த்து பைபிளை மூடினார். ரகுபதி தாலி கட்டினான். பாஞ்சாலி மடியிலிருந்த மஞ்சள் அரிசியை அள்ளிப் போட்டாள். பாதி பாஸ்டர் தலையில் விழுந்தது.

வாசலில் ஞானம்மா அவள் கையைப் பிடித்தாள். "திருப்தியா?"

"திருப்திதான். அந்தப் பொண்ணு எல்லா ஒட்டகத்துக்கும் தண்ணி ஊத்துச்சா, இன்னா? முடிக்காம வுட்டுட்டாரே."

"ஊத்துச்சு."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான்."

பாஞ்சாலி மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு, இலை போட்டிருந்த பந்தலுக்கு நடந்தாள்.