எழுத்துத் தெரியும் பந்தல்

விடுதித் தோட்டத்து மரப்பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கிறேன். மேலே பிளாஸ்டிக் விரிப்பில் மழை சடசடக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரைப்பரீட்சையில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்துவதாக அம்மா சொல்லியிருந்தாள். மழைநாளில் வீட்டுக்குள் இருட்டு. என்னைப் பெற்ற அத்தா தோட்டத்தில் சவுக்குக் கம்பு நட்டு, மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை மேலே விரித்தார்.

“தென்னங்கீத்துப் போட்டா கல்யாணத்துக்காச்சும் ஆகும். இத எதுக்குப் போட்டீக?” என்றாள் அம்மா.

“கீத்துக்கு அடியில எழுத்துத் தெரியாது.”

கல்யாணப் பந்தல் போலவே சரிவில்லாமல் மட்டமாகப் போட்டுவிட்டார். தண்ணீர் தேங்கி, பிளாஸ்டிக் என் தலைமேல் தொங்கியது. புத்தகத்தை மூடினேன்.

“நீ படிம்மா,” என்று விளிம்பில் நின்று கம்பால் பிளாஸ்டிக்கை மேலே தள்ளினார். தண்ணீர் முழுவதும் அவர்மேல் கொட்டியது. மழை விடும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார்.

தேறினேன். இங்கே விடுதியில் பந்தல் சரிவாக இருக்கிறது. தண்ணீர் தானாக வழிந்துவிடுகிறது. வெளியே யாரும் நிற்கவில்லை.